அறுபத்தெட்டு அல்லது எண்பத்தொன்பது

என் சமையலறையின் மேற்கு ஜன்னலில்
நாற்பத்தோரு குடுவைகள்.
நவம்பரில் மூன்று மணிக்கே சாய்ந்துவிடும் வெயில்
அவற்றுக்குள் புகுந்து
எதிர்ச்சுவரில் கறை கறையாக விழும்:
பாசி, தேன், கடல்நீலம்.
ஒன்று மட்டும் புகைச்சாம்பல்.

அதற்குத் தலை இல்லை.

லின்ஷோப்பிங் பக்கம், ஒரு களஞ்சிய விற்பனையில்
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் கிடந்தது.
கவிழ்த்து அடியைத் தடவினேன்.
அறுபது வருடம் மேசைகளில் நகர்ந்த கண்ணாடிக்குக்
கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும்.
உப்புத்தாள் தேய்த்த பொய்
ஒரே திசையில் ஓடும்.
இது உண்மை.
குரலில் ஆசை தெரிந்துவிடக் கூடாதென்று
முதலில் ஒரு மண்வெட்டிக்கு விலை கேட்டேன்.
(அந்த மண்வெட்டியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.)

ஒரு பிடி அரிசியும் வினிகரும் போட்டுக் குலுக்கியதில்
யாரோ குடித்து முடிக்காத ஒயினின் வளையம்
மூன்றாம் நாள்தான் விட்டுக்கொடுத்தது.
கழுத்தின் விளிம்பில்
வைர முனையால் கீறிய எண்: 89.
அந்தக் கழுத்துக்கென்றே சாணை பிடித்த மூடியிலும்
அதே எண் இருக்கும்.
உலகத்தில் எங்கோ இருக்கும்,
உடையாமல் இருந்தால்.

ஆறு வருடம்.

பிறகு துர்குவிலிருந்து ஒரு கடிதம்,
பள்ளிக்கூடத்து உருண்டைக் கையெழுத்தில்:
"மூடி இருக்கிறது, குடுவை இல்லை.
நீங்கள் சொன்ன நிறம். எண்தான் 68.
ஆகவே உங்களுக்குப் பயன்படாது.
தைஸ்தோ ரைஹா."
பயன்படாததை எதற்கு எழுதுகிறார் என்று
இரவுக் கப்பலில் ஏறிப் போனேன்.
கீழ்த்தளத்தில் யாரோ விடியும்வரை கரோக்கி பாடினார்.

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர்.
காபி ஊற்றினார். ஏலக்காய் ரொட்டியைத்
தடித்தடியாக வெட்டினார்.
மூடி ரேடியோவின் மேல் இருந்தது.
"குடுவையை லாஹ்யா எறிந்தாள்" என்றார்.
"என் மேல் இல்லை. சுவரின் மேல். எழுபத்து நாலில்."
அதற்கப்புறமும் முப்பத்தோரு வருடம் சேர்ந்திருந்தார்களாம்.
ஜாடிக்கேற்ற மூடி என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

மூடியை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
வட்டமான அடிக்கு
மேல் ஏது, கீழ் ஏது?
மெல்லத் திருப்பினேன்.
89.
இன்னொரு திருப்பு.
68.
அவரிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
"ஐம்பது வருடமாக ஒரே பக்கமாகப் பிடித்திருக்கிறேன்" என்றார்.
நாற்பது யூரோ கேட்டார். அறுபது கொடுத்தேன்.
அந்த இருபது எதற்கென்று
என்னையே நான் கணக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
மூடியைக் கழுத்தில் இறக்கினேன்.
சாம்பலோடு சாம்பல் சேர்ந்தது.
சுவரில் விழும் நிழலுக்கும் தலை முளைத்தது.
"பொருந்திவிட்டது" என்று
படம் எடுத்து அனுப்பினேன்.

பதில் ஒரே வரி:
"அப்படியானால் லாஹ்யா உடைத்தது
முதலிலிருந்தே ஜோடி இல்லாதது."

அந்த வரியை அவர் எத்தனை தரம் படித்திருப்பார்,
யாருக்குப் படித்துக் காட்டியிருப்பார்,
எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
இரவு பதினொன்றே காலுக்கு
நோர்ஷோப்பிங்கின் கடைசி மஞ்சள் டிராம்
எங்கள் தெருமுனையில் திரும்புகிறது.
நாற்பது குடுவைகள் வாய் திறப்பதில்லை.
சொந்த மூடி என்றால்
கழுத்துக்கும் அதற்கும் நடுவே மயிரிழைகூட நுழையாது.
சாம்பல் குடுவை மட்டும்
கிணுகிணுக்கிறது.

துர்குவுக்கு நான் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி கேட்கிறேன்:
அறுபத்தெட்டு,
அறுபத்தெட்டு,
டிராம் போய்விட்ட பிறகும்
இன்னும் ஒரு தரம்.